ருவேன் கரையேறிய கதை

வண்ணார்பேட்டை கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடும் சித்ரலேகாவிடம் யாரும் ஆசையாக எதையும் கேட்க மாட்டார்கள். "இந்தச் சேலை எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "எடுப்பா இல்லக்கா" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். முகத்துக்காகப் பேசத் தெரியாத பிறவி. அந்த வாயை வைத்துக்கொண்டு எங்கே போய்க் குப்பை கொட்டப் போகிறாளோ என்று அவளைப் பெற்றவளே புலம்பியதுண்டு. ஆனால் அந்த வாய்க்காகத்தான் சுந்தர் அவளைக் கட்டிக்கொண்டான்.

சுந்தருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் பஜ்ஜியில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து அவளே அவனிடம் சொன்னாள்: "எனக்குக் கழுத்துலேருந்து காது வரைக்கும் தீக்காயத் தழும்பு இருக்கு. உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. நான் சொல்லிடுதேன்." அவன் சிரித்துவிட்டான். வீடு திரும்பும் வழியிலேயே, "இவளையே முடிச்சிருங்க. இவ சொல்லுதத நம்பி நடக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்னானாம்.

பதினோரு வருஷம் நம்பித்தான் நடந்தான். சட்டையின் நிறம், மருந்துச் சீட்டு, எதிரே வருகிறவரின் முகச்சுளிப்பு, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் அவனுக்குள் போனது. சினிமாவும் அப்படியே. அதிலும் 'நீலக்கல் நாடு' என்ற அந்த மூன்று பாக மாயாஜாலப் படம் என்றால் இருவருக்கும் பைத்தியம். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசும். முதல் இரண்டு பாகத்தையும் தியேட்டரில் அவன் காதோரம் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசைக்காரர்கள் 'உஷ்' என்றால், "காசு குடுத்துத்தான வந்திருக்கோம்" என்பாள்.

அந்தப் படத்தில் சுந்தரின் உயிர், ருவேன் என்கிற ஓடக்காரன். வாளும் கிடையாது, மந்திரமும் கிடையாது. இருட்டில் துடுப்புச் சத்தத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கிறவன். "நம்மாளு" என்பான் சுந்தர்.

மூன்றாம் பாகத்தின் கடைசி ஏழு நிமிஷத்தில் ஒரு வசனம் கிடையாது. வெறும் வாத்தியம். எடுத்த மகராசன் என்ன நினைத்து எடுத்தானோ, சித்ரலேகாவின் உயிரை வாங்கிவிட்டான். எரிகிற பாலத்தின்மேல் ருவேன் நிற்கிறான். மற்றவர்களின் படகை அவிழ்த்துவிடுகிறான். பாலம் ஆற்றுக்குள் விழுகிறது. அவன் மேலே வரவேயில்லை. தியேட்டர் இருட்டில் சுந்தர் அவள் கையை நெரித்துக்கொண்டு, "ஏறிட்டானா? சித்ரா, ஏறிட்டானா?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டான். அவன் உள்ளங்கை வேர்த்து வழிந்தது.

"ஏறிட்டான்" என்றாள். "அங்கன, கரையில கைய ஊனி ஏறிட்டான். திரும்பிப் பாக்கான்."

"பெறவு ஏன் எல்லாரும் மூக்க உறிஞ்சுதாவ?"

"சந்தோஷத்துலதான்."

அத்தோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. சுந்தர் ஒரு ரசிகர் வாட்ஸப் குழுவில் இருந்தான். ருவேன் செத்தானா பிழைத்தானா என்று அதில் தினமும் அடிதடி. பாளையங்கோட்டை ஞானசம்பந்தன் என்றொரு கல்லூரி வாத்தியார், "ஆள் காலி வே" என்று அடித்துப் பேசினார். சுந்தர் விடவில்லை. "எம் பொண்டாட்டி பாத்தா வே. கைய ஊனி ஏறுனான். அவ பொய் சொல்ல மாட்டா" என்று குரல் பதிவு போட்டான். அடுப்படியில் நின்று சித்ரலேகா அதைக் கேட்டாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். படத்துக்காகச் சொன்ன பொய்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

நாலு மாசம் கழித்து, மூன்று பாகமும் சேர்ந்த டிவிடி பெட்டி வெளிவருவதாகச் செய்தி வந்தது. பார்வையில்லாதவர்களுக்காகக் காட்சிகளைத் தமிழிலேயே சொல்லும் தனிக்குரலும் அதில் உண்டாம். சுந்தருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே பணம் கட்டிப் பதிவு செய்தான். "வரட்டும், வாத்தியார் வாய அடைக்கேன்" என்றான்.

பெட்டி வந்தபோது அவன் டூட்டியில் இருந்தான். சித்ரலேகா கையெழுத்துப் போட்டு வாங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். பொய்க்குப் பொய் துணை தேடும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சாயங்காலம் வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "பார்சல் குடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துட்டே, எங்க?" என்றான். எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மூன்றாம் பாகத்தைப் போடச் சொன்னான்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"படம் முடியட்டும், சித்ரா."

யாரோ ஒரு பெண்ணின் குரல், உணர்ச்சியே இல்லாமல் சொல்லத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் சித்ரலேகாவும் வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரி. அவ சொல்லட்டும்" என்றான். இரண்டு மணி நேரம் அவள் திரையைப் பார்க்கவேயில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் வந்தது. நெருப்பு வந்தது.

"பாலம் இடிந்து விழுகிறது. ருவேன் நீரில் மூழ்குகிறான். ஆறு அடங்குகிறது. யாரும் மேலே வரவில்லை."

சுந்தர் ரிமோட்டைத் தடவிப் பின்னால் ஓட்டினான். மறுபடியும் அதே குரல், அதே சொற்கள். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு டிவியை அணைத்தான்.

"ஏன்?"

"உங்க கை அப்படி வேர்த்து வழிஞ்சுது. மனசு வரல."

"வேற என்னல்லாம் இப்படிச் சொல்லியிருக்க?"

"வேற ஒண்ணுமே இல்ல. சத்தியமா, இது ஒண்ணுதான்."

"அதையும் நீதான சொல்லுத" என்றான் சுந்தர்.

சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. அவன் சாப்பிட்டான், செய்தி கேட்டான், படுத்தான். குழுவில் மட்டும், "வாத்தியாரே, நீங்க சொன்னதுதான் சரி" என்று ஒரு பதிவு போட்டான். அவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். தூரத்தில் வந்த பஸ்ஸின் போர்டைப் படித்து, "ஜங்ஷன் வண்டி வருது, வாங்க" என்றாள். அவன் நகரவில்லை. அவளுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, அங்கே நின்ற ஆளிடம், "அண்ணாச்சி, இது ஜங்ஷன் போற வண்டியா?" என்று கேட்டான்.

"ஆமா தம்பி. பக்கத்துல நிக்க அம்மா இப்பதான சொன்னாவ, கேக்கலையா?"

"கேட்டுது" என்றான் சுந்தர்.