சேருக்கு சீனி போடவா?

போன சனிக்கிழமை உக்குவளையில் ஒரு தேத்தண்ணிக் கடை. நானும் என் ஓட்டோக்கார நண்பர் நிஸாரும் உட்கார்ந்திருக்கிறோம். கடைக்காரர் நிஸாரிடம் கேட்கிறார்: "சேருக்கு சீனி போடவா?"

அந்தச் சேர் நான்தான், பக்கத்திலேயே இருக்கிறேன். வாயும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க வரலாறு கற்பிக்கிற வாய்... ஆனாலும் கேள்வி நிஸாருக்குத்தான் போகும். கண் போனால் காதும் நாக்கும் கூடவே போய்விடும் என்று ஊரில் ஒரு நினைப்பு. எனக்குப் பார்வை போன நாளிலிருந்து இதே கதைதான்.

எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. சீனி வேண்டுமா என்று யாராவது என்னிடமே கேட்க வேண்டும். அவ்வளவுதான். சிரிப்பாக இருக்கிறதா? ஒரு வாரம் ஏங்கிப் பாருங்கள், தெரியும்.

அன்று நாங்கள் போய்க்கொண்டிருந்தது எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே லயத்து வரிசை வீடொன்றில் துளசி என்று ஒரு பிள்ளை. பத்து வயது. பிறவியிலேயே பார்வையில்லை, பள்ளிக்கூடம் போனதே இல்லை. இப்படிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளைத் தேடிப் போய், ஹொஸ்டல் உள்ள பள்ளியில் சேருங்கள் என்று கெஞ்சுவதுதான் என் சனிக்கிழமை வேலை.

துளசியின் அம்மா கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பிரெய்ல், கம்பியூட்டர், பரீட்சை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிஸாரிடம் சொன்னார்: "புள்ள எங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டுங்க. சேரைக் கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க."

மறுப்புக்கூட எனக்கு நேராக வரவில்லை.

பிறகு தேத்தண்ணி வந்தது. தோட்டத்துப் பழக்கம் தெரியும்தானே — வெறுஞ்சாயத் தேத்தண்ணி கோப்பையில், நக்கிக்கொள்ளச் சீனி உள்ளங்கையில். "சேருக்குக் கையில வைக்கவா, கலக்கவா?" மறுபடியும் நிஸாரிடம்தான். நிஸார் வாய் திறக்கவில்லை. என் ஏக்கம் அவருக்குத் தெரியும்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல். "சேர், ஒங்களுக்கு எப்புடி வேணும்?"

துளசி.

"கையிலயே வைம்மா" என்றேன். கரண்டியோடு வந்தாள். அவள் விரல்கள் முதலில் என் முழங்கையில் பட்டன, பிறகு மணிக்கட்டில். பாதிச் சீனி என் காற்சட்டையில். "அடியே, கொட்டாத..." என்று அம்மா எழுந்தார். "வுடுங்க தங்கச்சி" என்றார் நிஸார். மீதிச் சீனி என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

அதை நக்கும்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் யாரிடம் பேசினேன்? அம்மாவிடம். பள்ளிக்கூடம் போக வேண்டியவளோ மூலையில். கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"துளசி, ஒனக்குப் போக விருப்பமா?"

"காலையில புள்ளைங்க ஸ்கூல் போற சத்தம் கேக்கும் சேர். கூடவே ரோட்டு வரைக்கும் போவேன். அப்புறம் சத்தம் போயிரும்... திரும்பி வந்துருவேன்."

பிறகு அம்மாவின் குரல், முதல் தடவையாக என் முகத்துக்கு நேராக.

"சேர்... அங்க ராவுல புள்ள பயந்துச்சுன்னா, யாரு சேர் பக்கத்துல இருப்பாங்க?"

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "யோசிச்சு சொல்றேங்க" என்றார். ஜனவரியில் பள்ளி தொடங்கும்போது அனுப்புவாரா? தெரியாது.

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "ஏன்டி, நெசமாவே போறியா?"

துளசியின் பதில் காதில் விழுவதற்குள் என்ஜின் உறுமிவிட்டது. நிஸாரை அன்று திட்டியதுபோல நான் யாரையும் திட்டியதில்லை.