ஆடி முடியட்டும் என்றார்கள்

கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, கழுத்தில் நெறி கட்டியது. சளிதான் என்று சும்மா இருந்தேன். அது கரையவில்லை. அரக்கோணத்து டாக்டர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாவும் நானும் திருத்தணியில் ரயிலேறிப் போனோம். சதை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். குணமாக்கிவிடலாம் என்றும் சொன்னார்கள், ஆனால் அம்மாவின் காதில் முதல் வார்த்தைக்கு மேல் எதுவும் ஏறவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மருந்து ஏற்ற ஆரம்பித்தால் சினைப்பை பாழாகிவிடக்கூடும். அதற்கு முன்னால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து வெளியே எடுத்து, கணவரின் விந்தோடு சேர்த்துக் கருவாக்கி உறைய வைத்துவிடலாம். நோய் தீர்ந்து உடம்பு தேறியபிறகு, எந்த வருஷம் வேண்டுமோ அந்த வருஷம் வயிற்றில் வைத்துக்கொள்ளலாம். யோசிக்க நேரமில்லை, இந்த வாரமே கணவரோடு வாருங்கள் என்றார்.

சனியன், அது ஆடி மாதம்.

எங்கள் பக்கம் புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கமாட்டாள். ஆடியில் தரித்தால் சித்திரையில் பிறக்கும். தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அதனால் நைனா, என் அப்பா, பள்ளிப்பட்டில் இருக்கும் புருஷன் வீட்டுக்கு வந்து, சீர் கொடுத்து, என்னைத் திருத்தணிக்குக் கூட்டி வந்திருந்தார். என் மாமியார் அசலில்லை. நைனாவின் சொந்த அக்கா. என்னைத் தூக்கி வளர்த்த அத்தை. அத்தை மகனைத்தான் கட்டியிருந்தேன்; சின்ன வயதிலிருந்தே அவர் எனக்குப் பாவா.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை பஸ் பிடித்து வந்தார். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய்யில்லை, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கருவை எடுத்து வைக்கும் பேச்சு வந்ததும் முகம் மாறிவிட்டது. இது கர்ப்பமே இல்லை, சும்மா குளிரில் வைப்பதுதான், வயிற்றில் வைப்பது எத்தனையோ மாதம் கழித்து என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான் ஒப்பித்தேன்.

"கருன்னா கருதான்டி. ஆடியில உருவானா ஆடியில உருவானதுதான். ஐஸ்ல வச்சா இன்னா, அடுப்புல வச்சா இன்னா? ஆடி முடியட்டும்."

அக்கா பேசினால் நைனா எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அம்மா மலைமேல் இருக்கும் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முடிச்சைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

பாவாவுக்கு போன் போட்டேன். சரி, கரு வேண்டாம், என் முட்டையை மட்டுமாவது எடுத்து வைக்கிறேன், அதற்கும் புருஷன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள், வந்து போட்டுவிட்டுப் போ என்று கெஞ்சினேன். எங்கம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாள் போனை எடுக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே நிரம்பி, காவடியும் அரோகராவுமாகத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒருவேளை கூட்டத்தோடு கூட்டமாக வந்துவிடுவார் என்று வாசலிலேயே நின்றேன். பைத்தியக்காரி.

ஆடி முடியும்வரை நோய் காத்திருக்குமா? கழுத்துக் கட்டி பெரிதாகி மூச்சு திணற ஆரம்பித்தது. இனி ஒருநாளும் தள்ளமுடியாது என்று மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

முடி கொட்டியது. இந்த ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூக்காரம்மாகூட, "மலைக்கு மொட்ட போட்டியாம்மா?" என்று கேட்டார். ஆங் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடி திரும்ப வளர்ந்தது. நின்றுபோன மாதவிலக்கு வரவேயில்லை. ஐம்பது வயதுக்காரிக்கு வரும் உடம்புக் காந்தல் எனக்கு இருபத்தாறில் வந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, இனி உன் முட்டை என்று ஒன்று இல்லையம்மா என்றார். வேண்டுமானால் இன்னொரு பெண்ணின் முட்டையை வாங்கி வைக்கலாம் என்றார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தேன். இப்போதும் பல நாள் நினைக்கிறேன்.

பள்ளிப்பட்டுக்குத் திரும்பிப் போனேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அத்தை எனக்கென்று தனியாகச் சாறு வைத்துக் கொடுப்பார். பாவம், பழைய மனுஷி, அவருடைய நம்பிக்கை அவருக்கு என்று நானும் மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

போன வருஷம் நாத்தனாருக்குப் பிரசவம். வைகாசியில் என்று குறித்துக் கொடுத்திருந்தார்கள். பனிக்குடம் முன்னாலேயே உடைந்து, சித்திரை வெயிலில் பிறந்தான் பையன். தலைப்பிள்ளை. வீடு இடிந்து விழப்போகிறது என்று பயந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தீட்டு கழிந்ததும் குழந்தையை மலைக்குத் தூக்கிப் போய், சந்நிதியில் கிடத்தி, சாமிக்கே கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, ஒரு படி தவிட்டைக் கொடுத்துக் குழந்தையைத் திரும்ப வாங்கி வந்தார்கள். தோஷம் கழிந்ததாம். காலையில் போனவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் போய் நின்றேன். என் பிள்ளையையும் இப்படித் தவிட்டுக்கு வாங்கியிருக்கலாமே அத்தை என்று கேட்டேன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. இத்தனை வருஷம் கழித்து இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

"நீ பொழைப்பேன்னு யாருடி கண்டது? நீ போய்ட்டா இவனுக்கு இன்னொருத்திய பாக்கணும். உன் கருவோ முட்டையோ ஒரு ஆஸ்பத்திரியில இருக்குதுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? அதான் ஆடின்னு சொன்னேன்."

"பாவாவுக்குத் தெரியுமா?"

"அவன கேட்டுகினுதான் சொன்னேன்."

குழந்தை கையைக் காலை உதைத்துச் சிரித்தது. அத்தை அதன் மூக்கைப் பிடித்து நீவிவிட்டார்.

பாவா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்கவில்லை. கேட்டால் அழுவார். அழுதால் நான்தான் சமாதானம் சொல்லவேண்டும். உள்ளே போய் எல்லோருக்கும் சோறு வடித்தேன். நான் உயிரோடு இருப்பேன் என்று அந்தக் குடும்பத்தில் அந்த ஆடியில் நினைத்தது நான் ஒருத்திதான்.