முடிச்சிலிருந்து அட்டைக்குப் போன மொட்டை மயில்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் உத்தியோகம். இலையில் வைத்த வடை அப்படியே இருந்தது.

“என்ன மாப்பிள்ளை, உடம்பு சரியில்லையா?”

“ஆபீஸ்ல பழைய மெஷினை எடுத்துட்டுப் புது கம்ப்யூட்டர் போட்டிருக்காங்க மாமா. சம்பளம், சரக்குன்னு பழைய புரோகிராம் அத்தனையையும் புது பாஷையில மாத்தி எழுதணும். பழசை எழுதினவன் எங்கே போனான்னே தெரியல. சில இடத்துல எதுக்காக அப்படி எழுதினான்னும் புரியல. விடுங்க, உங்களுக்கு இதெல்லாம் பிடிபடாது.”

எனக்கா பிடிபடாது?

தென்னேரியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இன்று காஞ்சிபுரத்தில் என் பட்டைக் கட்டாமல் நடக்கிற கல்யாணத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெண் கொடுத்த இடத்தில் கோபப்படக் கூடாது... அதனால் பேசாமல் எழுந்து அவரைத் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். தறிக்கு மேலே இழைகளைத் தூக்கி டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கிய அட்டைச் சரத்தைக் கையில் கொடுத்தேன்.

“ஓட்டை போட்ட அட்டை! எங்க ஆபீஸ்லயும் இதேதான் மாமா!”

“உங்க தலைவலி எனக்குப் போன வருஷமே வந்து போயிடுச்சு மாப்பிள்ளை. உட்காருங்க.”

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெட்டி வருவதற்கு முன் எங்கள் தறிகளில் எல்லாம் அடைதான். எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்பதை நூல் முடிச்சுகளாகவே தறியில் கட்டி வைப்பதற்கு அடை என்று பெயர். மயிலோ மாங்காயோ, டிசைன் முழுக்க அந்த முடிச்சுகளுக்குள் இருக்கும். ஒரு தறியில் கட்டியதை இன்னொரு தறிக்குக் கொண்டுபோவது சாமான்யமில்லை. அட்டை அப்படியா? ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. ஒரு தடவை குத்தி வைத்துவிட்டால் நகல் எடுத்து எத்தனை தறியிலும் மாட்டலாம். என்ன மூளை ஐயா அது!

முடிச்சைப் படித்து அட்டையில் குத்த ஆள் வேண்டுமே? வாலாஜாபாத்திலிருந்து ராஜேஸ்வரி என்ற பெண் வந்தாள். டிசைன் வரைய முறையாகப் பயிற்சி எடுத்தவள். நெசவுக் குடும்பம், அப்பா கண் மங்கித் தறியை விட்டு இறங்கிவிட்டார். இவள் கொண்டுபோனால்தான் வீட்டில் உலை.

நான் கறாரான ஆள். “கூரத்துல ஒரு கல்யாணம். அந்த வீட்டுப் பொண்ணுங்க வழிவழியா நம்ம மயில் முந்தானைதான் கட்டுவாங்க. அதை அட்டையில கொண்டு வா. அவங்க ஒத்துக்கிட்டா மத்த அடை எல்லாம் உன் கையில. இல்லேன்னா பெட்டியோட உன்னையும் பஸ் ஏத்திடுவேன்” என்றேன். தலையை ஆட்டினாள்.

மயில் முந்தானை நெய்து வந்தவன் தணிகாசலம். வாய் அதிகம். அடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தபோது, “இன்னா தங்கச்சி, மயிலுக்குப் பேன் பாத்துக்கினு கீறியா?” என்றான்.

“நீங்க தலை சீவியிருந்தா எனக்கு இந்த வேலை இருக்காதுண்ணா” என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு என்னிடம் வந்தாள். “ஐயா, ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு மயிலுக்குக் கொண்டை இல்லை. யாரோ எப்பவோ நாலஞ்சு முடிச்சு கட்டாம விட்டிருக்காங்க. அப்படியே எடுக்கட்டுமா, திருத்தட்டுமா?”

என் சரக்கில் மொட்டை மயிலா? “திருத்து!” என்றேன். எந்த முதலாளியும் அதைத்தான் சொல்வான்.

பெட்டியை ஏற்றினோம். முந்தானையிலிருந்து ஆரம்பித்தோம். நாலைந்து வரிசை ஓடியது. அத்தனை மயிலும் கொண்டையோடு ராஜா மாதிரி நின்றன. தணிகாசலமே வாயை மூடிக்கொண்டான் என்றால் பாருங்கள்.

புடவை தறியில் இருக்கும்போதே பெண் வீட்டார் வந்து தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். பெண்ணின் அத்தை பச்சையம்மாள் வந்தார். பொட்டு வைத்தார். பிறகு குனிந்து, மயில்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

“எங்கேப்பா எங்க மொட்டை மயிலு?”

“அது பழைய தப்புங்கம்மா. திருத்தியாச்சு.”

“தப்பா? இன்னா முதலாளி பேசறே? எங்க வூட்ல தாலி கட்டின கையோட மாப்ள பொண்ணு முந்தானையில மொட்டை மயிலத் தேடி எடுக்கணும். அப்பதான் பொண்ணு பக்கத்துல குந்த வுடுவோம். என் வூட்டுக்காரு வேர்த்து விறுவிறுத்துத் தேடுனாரு, சபையே சிரிச்சிது. இதுல அந்தப் புள்ள எதத் தேடும்? இது எங்க முந்தானை இல்லப்பா. வேற கடையப் பாத்துக்கறோம்.”

கிளம்பியே விட்டார். ராஜேஸ்வரியைப் பார்த்தேன். அவள் கால் நிற்கவில்லை. உள்ளே ஓடி ஒரு சின்ன அட்டைக் கட்டோடு வந்தாள்.

“அத்தை, ஒரு நிமிஷம் இருங்க. ஐயா... அடையில இருந்தது இருந்தபடி முதல்ல ஒரு செட் குத்தி வெச்சேன். அப்புறம்தான் திருத்தினது. அந்த ஒரு மயில் கொண்டைக்கு இழை தூக்கற கொக்கியைத் தனியா விட்டிருக்கேன். பழைய செட்லேர்ந்து இந்த நாலஞ்சு அட்டையை மாத்தினா போதும்.”

“நான்தான் திருத்தச் சொன்னேனே, அப்புறம் எதுக்கு அது?”

“எதுக்கு இருக்குதுன்னு தெரியாததை எப்படித் தூக்கிப் போடறதுங்க ஐயா?”

தணிகாசலம் நெய்ததை இழை இழையாகப் பிரித்தான். புது அட்டைகளைக் கோத்து மறுபடி ஓட்டினான். பச்சையம்மாள் நகரவில்லை. வரிசை முடிந்தது. விரல் ஓடியது, ஓடியது... நின்றது.

“தோ கீறான்!” என்று சிரித்தார் பாருங்கள், கூடத்தில் எல்லாத் தறியும் நின்றுவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு மருமகனுக்கு ஒரு புத்தியும் சொன்னேன். பழசைப் புதுசுக்கு மாற்றுகிறவர்களுக்குக் கை துறுதுறுக்கும். முதலில் இருப்பதை இருப்பது போலப் பெயர்த்து எடுங்கள், கெட்டிக்காரத்தனம் அப்புறம். நமக்குத் தப்பாகத் தெரிவதில் யாரோ ஒருவர் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கலாம். எவ்வளவோ பேரிடம் வேலை வாங்கியிருக்கிறேன். முதலாளி சொன்னதையும் செய்து, சொல்லாததையும் காப்பாற்றி வைத்தவள் இவள் ஒருத்திதான்.

மொட்டை மயில் திரும்பி வந்த அன்று சாயங்காலம் ராஜேஸ்வரி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “ஐயா, நாளைக்கு நான் வரணுங்களா?”

“மீதி அடையெல்லாம் யார் பிரிச்சுப் படிக்கறது, நானா? நேரத்தோட வா” என்றேன்.

பாராட்டை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் அவள் அட்டை குத்தும் அறையில் புது ஃபேன் ஒன்று மாட்டச் சொன்னேன்.

போட்டால் தாளெல்லாம் பறக்குமாம்... மாட்டின நாளிலிருந்து ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை!