படத்தில் குடுமி, நேரில் மொட்டை

பழனியாண்டவரை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். அவன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. வயதாகிவிட்டது, இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. பழனிக் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பது எங்கள் பரம்பரை ஊழியம். என் அண்ணன் சுப்பையாவும் நானும் ஜோடியாக வாசித்தவர்கள். யுத்தத்துக்கு முன்பே அவர் கப்பலேறி, பினாங்கில் ஒரு முருகன் கோயிலில் சேர்ந்துவிட்டார். பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. அந்த வருஷம் அவருக்கு நெஞ்சில் சீக்கு வந்து ஊத முடியாமல் போயிற்று. அவருக்குப் பதிலாகத் தைப்பூசத்துக்கு வாசிக்க என்னை வரச் சொல்லிக் கோயிலார் எழுதினார்கள். "தம்பி, உன்னை ஒரு தடவ பாத்துட்டாப் போதும்" என்று அடியில் அண்ணன் எழுதியிருந்தார்.

மலாயாவில் அப்போது சட்டம் கடுமை. வெளிநாட்டான் வேலைக்கு வர வேண்டுமானால் தேர்ந்த கலைஞன் என்று நிரூபிக்க வேண்டும். பத்திரிகையில் எழுதியிருக்கிறார்களா, பெயர் போட்ட கச்சேரி நோட்டீஸ் உண்டா, பதக்கம் உண்டா என்று சென்னையில் இருந்த மலாயா அலுவலகத்தில் கேட்டார்கள். கோயில் நோட்டீஸில் சாமி பெயர் இருக்கும், ஊதுகிறவன் பெயரை யார் போடுவார்கள்? கோயில் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். இதில் ஊழியர் என்றுதான் இருக்கிறது, கலைஞர் என்று இல்லையே என்று குமாஸ்தா திருப்பித் தந்தார். வேறு சான்றோடு வரச் சொன்னார்.

பழனி வந்து சேரும்வரை ரயிலில் அழுதேன். அண்ணனை இனி உயிரோடு பார்க்கப்போவதில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

என் மனைவி செண்பகம் மட்டும் கலங்கவில்லை. நான் சென்னையில் இருந்தபோதே என் முடியைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டிருந்தாள். வேண்டியவள் அவள், தலை என்னுடையது. காரியம் முடியட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்றேன்.

"காரியம் ஆன பொறவு குடுத்தா அது கூலிங்க. முந்தியே குடுத்தாத்தான் நம்பிக்கை. வெள்ளனே போயி குடுத்துட்டு வாங்க."

அவளிடம் நான் எப்போது வாதாடி ஜெயித்தேன்? விடிந்ததும் சரவணப் பொய்கைக் கரையில் குடுமி போயிற்று.

அடுத்த வாரம் மறுபடி அதே அலுவலகம். வேறு சான்று கிடைக்கவில்லை, நாதஸ்வரத்தை மட்டும் எடுத்துப் போயிருந்தேன். குமாஸ்தா பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள்மாறாட்டம் செய்து கப்பலேறுகிறவர்கள் இருந்த காலம். இது நீங்கள் இல்லையே என்றார். நீ ஆண்டியாக நிற்பது போதாதா, என்னையும் இப்படி நிறுத்த வேண்டுமா என்று மனசுக்குள் முருகனைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

விஷயம் உள்ளே இருந்த துரைக்குப் போயிற்று. அவர் வெளியே வந்து என் மொட்டையைப் பார்த்தார், மடியில் உறையோடு இருந்த நாதஸ்வரத்தைப் பார்த்தார், ஏதோ சொன்னார். குமாஸ்தா என்னிடம் திரும்பினார்.

"தலைதானே மாறிப்போச்சு, கை மாறியிருக்காதே. வாசிக்கச் சொல்றார்."

சீவாளியை நனைத்துப் பொருத்தினேன். தவில் இல்லை, சுருதிக்கு ஒத்தும் இல்லை. மலையேறி நிற்பதாக நினைத்துக்கொண்டு சண்முகப்பிரியாவை எடுத்தேன். எவ்வளவு நேரம் வாசித்தேனோ தெரியாது. கண்ணைத் திறந்தபோது பெஞ்சில் காத்திருந்த ஜனங்கள் எழுந்து கைகூப்பி நின்றார்கள். துரை வேறு சான்று கேட்கவில்லை. அனுமதி கிடைத்தது.

குடுமியோடு போயிருந்தால் முகத்தில் சந்தேகம் வந்திருக்காது. காகிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். மொட்டையால்தான் வாசிக்கச் சொன்னார்கள். முருகன் போட்ட கணக்கு எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பினாங்குத் துறைமுகத்தில் அண்ணனைத் தேடினேன், காணோம். மெலிந்த மொட்டைத் தலைக்காரர் ஒருவர் என்னைக் கடந்து போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"ஏலே, தம்பியா?"

நான் வந்து சேர வேண்டுமென்று அவரும் முந்தியே முடி கொடுத்திருந்தார். ஒருவர் தலையை ஒருவர் தடவிச் சிரித்தோம். பிறகு கட்டிக்கொண்டு அழுதோம்.

தைப்பூசத்தன்று நான் வாசிக்க, அவர் பக்கத்தில் நின்று தாளம் போட்டார். அடுத்த ஆடியில் என் மடியில்தான் அவர் உயிர் போயிற்று. அதற்குமேல் முருகனிடம் நான் என்ன கேட்பேன்?

செண்பகமும் போய்விட்டாள். நான் கொடைக்கானலில் மகள் வீட்டில் இருக்கிறேன். மேகம் விலகினால் தூரத்தில் பழனி தெரியும், அவள் நினைவும் வந்துவிடும். வருஷந்தோறும் இறங்கிப்போய் முடி கொடுக்கிறேன், எதுவும் கேட்பதில்லை. உங்களுக்குத் தீராத குறை இருந்தால் அவனிடம் சொல்லுங்கள். கொடுக்க நினைத்ததை முந்தியே கொடுத்துவிடுங்கள். அது எப்படி என்று என்னோடு வாதாட வேண்டாம். சொன்னவள் செண்பகம், அவளிடம் நானே ஜெயித்ததில்லை.