குமருக்குக் கட்டிய வீட்டில் முதலில் குடிவந்தவர்கள்

எங்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அகதிகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் வெளிநாட்டுக் காசுக்காகச் செய்கிறார்கள் என்று ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் சொன்னீர்கள். என் குசினி வரை கேட்டது. நான் ஏன் செய்கிறேன் என்பதை நானே எழுதுகிறேன்.

போன மாரியில் என் ஒரே மகள் ரிஸ்னாவுக்கு டெங்கு. பன்னிரண்டு வயது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. மூக்கால் இரத்தம் வந்தது. "துஆ செய்ங்க" என்றார் டாக்டர். டாக்டர் அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைக்கு வீடு கட்டும் ஊர் வழக்கப்படி, அவள் பிறந்ததிலிருந்தே நானும் கணவரும் அவளுக்கு வீடு கட்டினோம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து குடியிருக்கும் வீடு. கூரை போட்டு, கதவு வைத்து, பூட்டி வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அந்த வீட்டை நினைத்தபோது வெறுப்பாக இருந்தது. "யா அல்லாஹ், பிள்ளையைத் தா. அந்த வீட்டில் முதலில் வீடில்லாதவர்களைக் குடிவைக்கிறேன்" என்று நேர்ந்தேன். இரக்கத்தால் அல்ல. பயத்தால்.

விடிந்தபோது இரத்தம் நின்றிருந்தது. பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. மகள் கஞ்சி கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு, மியன்மாரிலிருந்து படகில் தப்பி வந்த சில குடும்பங்களை எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் தங்க வைத்தார்கள். அதில் ரஹிமா என்பவள் நிறைமாதம். நான் பூட்டிய வீட்டின் திறப்பை எடுத்தேன். என் ராத்தா வாசலை மறித்தாள்.

"குமருக்குக் கட்டின ஊட்டுல அகதியக் குடிவெச்சா, நாளைக்கு எந்த மாப்புள வருவான்?"

"வராட்டி நல்லம், பெரியம்மா. வழிய உடுங்க" என்றாள் ரிஸ்னா.

ராத்தா சிரித்துக்கொண்டே விலகிவிட்டாள்.

பிள்ளை பிறந்ததும் ரஹிமா அதை அந்த வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். என் நேர்ச்சை அதோடு முடிந்தது. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகிறேன், மண்டபத்தில் இருப்பவர்களுக்கும் சமைக்கிறேன். ரஹிமாவின் பேச்சு எனக்கு விளங்காது. பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தூங்கிவிடுவாள். இப்போது பயம் இல்லை. இருப்பதற்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சகோதரிகளே, நான் நல்லவள் என்று அல்லாஹ் தரவில்லை. கேட்டேன், தந்தான். நீங்களும் கேளுங்கள். தந்த பிறகு கதவைப் பூட்டாதீர்கள்.

மரைக்காரே, பாடசாலை விடுமுறை முடியப்போகிறது. மண்டபத்தில் பிள்ளைகளோடு இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் குமர்மாருக்குக் கட்டிய வீடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமை ஊர்ச்சனத்தின் முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளைகள் எங்கே படுப்பது?