நான் எழுதிக் கொடுத்த மேடைப்பேச்சு

1907ஆம் ஆண்டு நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். தூறல். சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் துறைமுகத்தருகே, ஒரு நல்ல மனிதனை முந்நூறு பேர் நடுவே நகைப்புக்கு ஆளாக்கினேன். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் செய்தவன் நான்தான்.

நீங்கள் என்மேல் இரங்க வேண்டாம். கணக்கை மட்டும் பாருங்கள்.

அப்போது சிராங்கூன் சாலையில் மாலை வகுப்பு நடத்திவந்தேன். மாணவர் ஏழு பேர், எல்லோரும் குமாஸ்தாக்கள். பத்திரிகையில் வரும் அரசியல் உரைகளைப் பிரித்துப் பார்க்கக் கற்பித்தேன். பேசுகிறவர் எங்கே கேள்வி கேட்கிறார், எங்கே நிறுத்துகிறார், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும்.

முத்தையா துறைமுகக் கூலி. மூட்டை சரிந்து அவன் தம்பியின் கால் நசுங்கியது; நிர்வாகம் ஒரு காசும் தரவில்லை. நூறு கைநாட்டு சேர்ந்தால் மனுக் கொடுக்கலாம். அதற்காகக் கூலிகளிடம் பேச, ஓர் உரை எழுதித் தரக் கேட்டான்.

எழுதினேன். மூன்று கேள்விகள். பிறகு ஐந்து எண்ணும் வரை மௌனம். அதன்பின் தம்பியைத் தூக்கி நிறுத்திக் காட்ட வேண்டும். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பது நாள் நான் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்தான்.

அத்தோடு நின்றிருக்கலாம்... ஆனால் ஓர் ஐயம் என்னை அரித்தது. உத்தி தெரிந்தவனையும் ஒரு பேச்சு உருக்குமா? அதே உரையை, யாருடையது என்று சொல்லாமல் வகுப்பில் கொடுத்தேன். ஏழு பேரும் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள். ஞாயிறன்று போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன். அவர்கள் முகத்தைப் பார்க்க நானும் பின்னால் போய் நின்றேன்.

மூன்றாவது கேள்வியை முடித்து, முத்தையா நிறுத்தினான்.

"இப்ப மனசுக்குள்ள அஞ்சு எண்ணுவாரு, பாருங்கண்ணே," என்றான் என் மாணவன் ஒருவன், பக்கத்தில் நின்ற கூலியிடம்.

"அஞ்சு எண்ணி?"

"தம்பியத் தூக்கிக் காட்டுவாரு."

முத்தையா தூக்கிக் காட்டினான்.

"அடேய், கூத்துக் கட்டுறான்யா இவன்," என்று அந்தக் கூலி உரக்கச் சொன்னான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

நசுங்கிய கால் உண்மை. அதைப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தார்கள். மனுவில் விழுந்தவை பதினொரு கைநாட்டு.

அப்போது எனக்கு முதலில் தோன்றியது வருத்தமா? இல்லை. "ஓ, இப்படித்தானா!" என்ற வியப்பு. என் ஐயத்துக்கு விடை கிடைத்திருந்தது. வருத்தம் சற்றுப் பின்னால்தான் வந்தது. எத்தனை நிமிடம் கழித்து என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

நான்கு வாரம் கழித்து முத்தையா வந்தான். தம்பியோடு நாகப்பட்டினம் திரும்பக் கப்பல் சீட்டு வாங்கப் போகிற வழி.

"நீங்க நல்லாத்தான் எழுதிக் குடுத்தீங்க, வாத்தியாரையா. எனக்குத்தான் சொல்ல வரல."

இல்லையப்பா என்று தொடங்க வாயெடுத்தேன்... சொல்லவில்லை. உள்ளே போய், இருவருக்குமான கட்டணத்தை எடுத்துவந்து நீட்டினேன். இரண்டு முறை மறுத்தான். மூன்றாம் முறை கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

இருபத்தெட்டு வெள்ளி, நாற்பது காசு.