விளக்கைப் போட்டால் முள் ஏறும்

என் மகன் போன மாதம் ஒரு கார் வாங்கினான். சாவி திருகும் வேலையே இல்லை, பொத்தானை அமுக்கினால் போதும். முன்னால் ஒரு திரை இருக்கிறது. இருக்கிற பெட்ரோலில் இன்னும் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்கோ வேறொன்று கண்ணில் பட்டது. பட்டப்பகலில் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டேய், வெளக்க அணைக்க மறந்துட்ட."

"இப்ப வர்ற காரெல்லாம் இப்பிடித்தாம்மா. பகல்லயும் எரியும்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை எதிரே வந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிறைய வண்டிகளில் விளக்கு எரிந்தது. யாரும் யாருக்கும் ஒதுங்கவில்லை.

இலங்கை மலைநாட்டில் எங்கள் லுணுகலைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு வாகனம் வந்தால் உள்ளே நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம். பஸ், லொறி, தேயிலைக் கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் எல்லாம் மறுபேச்சில்லாமல் ஓரம் கட்டும். யாரும் சட்டம் போட்டு வந்த பழக்கமல்ல அது. மருதையண்ணனின் கார் மட்டும் நோயாளி இல்லாமலே விளக்கோடு வரும்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர். சனிக்கிழமைகளில் பதுளை டவுனுக்குப் போக எனக்கு அந்தக் கார்தான். மருதையண்ணன் முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஏறினால் பெட்ரோலும் வெற்றிலையும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை வரும். இன்றைக்கும் மழையில் நனைந்த சாக்கை மோந்தால் எனக்குப் பதுளை ஞாபகம் வருகிறது. என் மூக்குக்கு வேறு நல்ல வாசனை கிடைக்கவில்லை போலும்.

காரின் முகப்பில் மூன்று வட்டங்கள். வேகம் காட்டும் முள் துரை காலத்திலேயே செத்துவிட்டது. சூடு காட்டும் முள் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பிய பிறகும் குளிர்ச்சியாகவே இருக்கும். உயிரோடு இருந்தது பெட்ரோல் முள் ஒன்றுதான். அதுவும் ஒரு நிபந்தனையோடு. விளக்கைப் போட்டால் ஏறும். அணைத்தால் விழுந்து படுத்துக்கொள்ளும். பெட்ரோல் விலை ஏறிக்கிடந்த காலம் அது. டாங்கியை நிரப்பி ஓட்ட அவருக்கு வசதியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஓட்டுகிறவருக்கு அந்த முள் இல்லாமல் முடியாது.

மின்சாரப் பாடம் நடத்துகிறவள் என்ற மிதப்பில் நான் ஒருநாள் விளக்கம் சொன்னேன். "பாட்டரி பலவீனமா இருக்கும் அண்ணே." அவர் மரியாதையாகத் தலையாட்டினார். பாட்டரி புதிது என்பதை லெச்சுமியக்காதான் பிறகு சொன்னார். லெச்சுமியக்கா அவருடைய மனைவி, கொழுந்து பறிப்பவர், வாயாடி.

"எர்த் கம்பி லூசாம் டீச்சர். பதுளையில ஒரு மெக்கானிக் பாத்துட்டு அரை மணித்தியால வேலன்னு சொல்லிட்டாரு. இவருதான் செய்ய விடல."

"ஏன்?"

"எங்க கலியாண ஊர்கோலத்துக்குக்கூட ஒருத்தனும் வழி விடல. இப்ப பஸ்ஸே ஒதுங்குது. விடுவாரா மனுசன்?"

மருதையண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் அந்த ராஜமரியாதை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விளக்கோடு அவர் வந்தால் "மருதை பெட்ரோல் பாக்குறாரு" என்று சிரித்துக்கொண்டு தங்கள் பாட்டுக்குப் போனார்கள். அவரும் பழக்கத்தை விடவில்லை.

ஒரு வேலை நாள். மத்தியானம் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து கூச்சல் கேட்டது. குளவிக்கூடு கலைந்துவிட்டது. பலருக்குக் கொட்டு, மோசமாக மாட்டியவர் லெச்சுமியக்கா. தூக்கி வந்தபோது கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. டிஸ்பென்சரி ஐயா ஊசி போட்டுவிட்டு, "மூச்சு அடைக்குது. பதுளைக்குக் கொண்டு போங்க, தாமதிக்க வேணாம்" என்றார். தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. மருதையண்ணன் காரை எடுத்தார். நான் பின்சீட்டில் ஏறி அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வாய் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. பயந்து போனேன்.

விளக்கைப் போட்டார். முள் கொஞ்சம் எழுந்து நின்றது. பசறை தாண்டிய ஏற்றத்தில் ஒரு பஸ் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதை ஒரு பஸ்ஸுக்கும் ஒரு நாய்க்கும் மட்டும் போதுமான அகலம். ஹார்னை அழுத்திப் பிடித்தார். பின்வாசலில் தொங்கிய கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார். கட்டைவிரலை வாய்க்கு நேரே கவிழ்த்து, பெட்ரோல் குடித்தாச்சா என்று சைகையால் கேட்டுச் சிரித்தார். பஸ் ஒதுங்கவில்லை. ஒரு வளைவு போயிற்று, இன்னொன்று போயிற்று. அக்காவின் மூச்சு விசில் மாதிரி வந்தது.

"அண்ணே, வெளக்க அணைங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"அணைச்சா முள்ளு விழுந்துரும் டீச்சர். எவ்வளவு கெடக்குன்னு தெரியாம எப்பிடி ஓட்டுறது?"

சொல்லிக்கொண்டே அணைத்துவிட்டார். முள் விழுந்தது.

கண்டக்டரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மருதையின் காரை விளக்கில்லாமல் அந்தப் பாதையில் யாரும் பார்த்ததில்லை. குனிந்து எங்கள் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று அடித்தார். பஸ் மண்மேட்டோடு உராய்ந்து ஒதுங்கியது. தாண்டும்போது கேட்டார். "என்ன மருதண்ணே, யாருக்கு என்ன?"

"எம் பொஞ்சாதிப்பா."

அதற்குப் பிறகு பதுளை வரைக்கும் விளக்கில்லாமலே போனோம். எதிரே வந்தவர்களெல்லாம் ஏதோ சரியில்லை என்று நினைத்து ஒதுங்கினார்கள். செத்துக்கிடந்த முள்ளை நான் ஒரு கண்ணாலும் அக்காவின் நெஞ்சை மறு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கங்களில் மருதையண்ணன் எஞ்சினை அணைத்துக் காரை உருட்டினார். ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்தார். நுனி மட்டும் நனைந்திருந்தது. அதைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்து அழுதார்.

அக்கா பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் புருஷனைக் காருக்குள் தள்ளியதுதான். மருதையண்ணன் முகப்புக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, எர்த் கம்பி மாட்டியிருந்த துருப்பிடித்த ஆணியைச் சுரண்டினார். கம்பி அழுந்திப் பிடிக்கத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் ஒரு துண்டை மடித்து வைத்தார். வீங்கிய முகத்தோடு அக்கா முன்சீட்டில் இருந்து முள்ளுக்கு வர்ணனை சொன்னார். "எந்திரிக்குது... படுக்குது... ஆட்டாதய்யா... ஆங், நின்னுருச்சு." அன்றோடு பகல் விளக்கு நின்றது.

சில வருஷம் கழித்து இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி அவர்களுக்கு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகும் கடவுச்சீட்டு வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். காரைப் பசறையில் ஒருவருக்கு விற்கப் பேசியாயிற்று. கடைசி ஓட்டமாகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பதுளை ஸ்டேஷனுக்குப் புறப்பட்டோம். நானும் போனேன். நல்ல வெயில். முள் நேராக, ஒழுங்காக நின்றது. தோட்டத்து எல்லை தாண்டியதும் மருதையண்ணன் விளக்கைப் போட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றத்தில் எதிரே வந்த பஸ் எங்களைக் கண்டதும் ஓரம் கட்டி நின்றது. அதே கண்டக்டர்தான், கொஞ்சம் நரைத்திருந்தார். இறங்கி வந்து குனிந்து உள்ளே பார்த்தார். நாங்கள் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

"யாருக்கு என்ன அண்ணே?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல தம்பி. போறோம்."

வளைவு திரும்பும்வரை நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் தாண்டிப் போன பிறகும் அந்த பஸ் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.